காப்பாளர் யார்?

தாம்பரத்தில் சங்கம் இல்லாத தொழில் இல்லை. ரயில்வேக்காரருக்குச் சங்கம், பஸ் தொழிலாளிக்குச் சங்கம், பல்லாவரத்துத் தோல் தொழிலாளிக்குச் சங்கம், ஆட்டோ ஓட்டுபவருக்குச் சங்கம், ஸ்டேஷன் வாசலில் பூக்கட்டி விற்கும் அம்மையாருக்குங்கூடச் சங்கம். போனஸ் என்றால் கொடி பிடிக்கிறோம். பஞ்சப்படி என்றால் வாயிற்கூட்டம் போடுகிறோம். வேலை நீக்கம் என்றால் விடிய விடியப் பேசுகிறோம். ஆனால் அதே தொழிலாளியின் வீட்டுக்குள்ளே, பின்கட்டிலே, முப்பது வயதாகியும் சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் மகனைப் பற்றி எந்த வாயிற்கூட்டத்திலும் எவரும் பேசியதாக நமக்கு நினைவில்லை. அந்தத் தோழரும் பேசமாட்டார். வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார். தலைவிதி என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். நாம் சொல்கிறோம்: இதில் கூசுவதற்கு ஒன்றுமில்லை, தலைவிதியும் இல்லை. இது சட்டத்தைப் பற்றிய விவகாரம். ஆகவே சங்கத்தின் விவகாரம்.

எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறோம்.

பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடியும் வரையில் தகப்பன் போடும் கையெழுத்து பிள்ளையின் கையெழுத்து. பள்ளியில் சேர்ப்பதற்கும் அதுதான், ஆஸ்பத்திரியில் அறுவைக்குச் சம்மதம் கொடுப்பதற்கும் அதுதான், பாங்கியில் கணக்குத் திறப்பதற்கும் அதுதான். பதினெட்டு முடிந்த மறுநாள் காலையில், 1875ஆம் ஆண்டின் வயதுவருகைச் சட்டத்தின்படி அவன் 'மேஜர்' ஆகிவிடுகிறான். அவனுடைய அறிவு ஐந்து வயதுக் குழந்தையின் அறிவாக இருக்கலாம். வாயிலே வார்த்தை வராதிருக்கலாம். சட்டத்துக்கு அதெல்லாம் தெரியாது. அன்று முதல் பெற்ற தகப்பன் அவனுக்கு மூன்றாம் மனிதர். "அவரே வந்து கையெழுத்துப் போடட்டும்" என்கிறார் பாங்கி மானேஜர். மானேஜர் மேல் கோபித்துப் பயனில்லை. அவர் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்கிறார்.

ஒரு ரயில்வே தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இப்படிப்பட்டவர் சேலையூரிலும் இருப்பார், பெருங்களத்தூரிலும் இருப்பார். முப்பத்தைந்து வருடம் உழைத்து ஓய்வு பெற்றார். ஒரே மகன், மனவளர்ச்சி குன்றியவன். தகப்பன் காலமானால் தாய்க்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். தாயும் கண்ணை மூடினால், சம்பாதிக்க இயலாத அந்த மகனுக்கு ஆயுள் முழுவதும் அது வர வேண்டும் என்று விதி இருக்கிறது. இது சர்க்கார் போடும் பிச்சையன்று. தகப்பனின் உழைப்பில் விளைந்த காசு. ஆனால் யார் வாங்குவது? மகன் பெயருக்கு வரும் பணத்தை மகனால் வாங்க முடியாது. தகப்பனாவது தாயாவது உயிரோடிருக்கும்போதே, "எங்களுக்குப் பின் இன்னார் வாங்கி இவனைப் பார்த்துக்கொள்வார்" என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் சிக்கல் இல்லை. எழுதிக் கொடுக்காவிட்டால் சட்டபூர்வமான பாதுகாவலர் ஒருவர் வேண்டும். இந்த விதி தெரியாமல் சில பாங்கிகள், எழுதிக் கொடுத்திருந்தாலும் சரி, கோர்ட் உத்தரவு இருந்தால்தான் பணம் என்று அடம்பிடித்தன. அப்படிக் கேட்கக்கூடாது என்று 2022இல் மத்திய சர்க்காரின் ஓய்வூதிய இலாகாவே வாய் திறந்து சொல்ல நேர்ந்தது. விதி போட்டவர்களே விதியை மறுபடியும் வந்து விளக்க வேண்டியிருந்தது என்றால், பாங்கி வாசலில் நின்ற கிழவியின் கதி என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

தனியார் ஆலைத் தொழிலாளிக்கும் இதே கதைதான். பிராவிடண்ட் பண்டுடன் சேர்ந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், உறுப்பினர் இறந்தால், நிரந்தரமாக முழுமையாக ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பு பாராமல் மாதப் பணம் உண்டு. வேலையில் ஏற்பட்ட விபத்தில் தொழிலாளி மாண்டால், ஈ.எஸ்.ஐ. சார்ந்தோர் உதவி, இயலாத பிள்ளைக்கு அந்த இயலாமை உள்ளவரை உண்டு. நம்மில் எத்தனை சங்கச் செயலாளர்கள் இதைத் தொழிலாளியிடம் சொல்லியிருக்கிறோம்? உரிமை காகிதத்தில் தூங்குகிறது. அதை வாங்கித் தரும் கைக்குப் பெயர்தான் பாதுகாவலர், ஜனங்கள் வாயில் 'கார்டியன்'.

இந்தப் பாதுகாவலர் விஷயத்தில் நம் நாட்டுச் சட்டங்கள் நடந்து வந்த பாதை விசித்திரமானது. வெள்ளைக்காரன் 1890இல் ஒரு காப்பாளர் சட்டம் போட்டான். அது சிறு வயதினருக்கு மட்டும். 1912இல் பைத்தியக்காரர் சட்டம் போட்டான். அதில் ஜில்லாக் கோர்ட் விசாரணை வைத்து மானேஜர் நியமிக்கிற அத்தியாயம் யாருக்கு? சொத்துடையவருக்கு! ஜமீன்தார் புத்தி தடுமாறினால் எஸ்டேட் பாழாகிவிடக் கூடாதல்லவா? எஸ்டேட் இல்லாதவன் புத்தி தடுமாறினால் அவனுக்குக் கோட்டைச் சுவர் வைத்த ஆஸ்பத்திரி. அந்தச் சட்டம் சுதந்திரம் வந்து நாற்பது ஆண்டுகள் வரை உயிரோடிருந்தது. 1987இல் புதுச் சட்டம் வந்தபோதும் சொத்துக்கு மானேஜர் போடும் பகுதி ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கோ, மூளை முடக்குவாதத்தால் கைகால் முறுக்கிய பிள்ளைக்கோ, அவர்கள் நோயாளிகளே அல்லர் என்பதால், எந்தச் சட்டமும் சரியாகப் பொருந்தவில்லை.

பெற்றோர்கள் கிளம்பினார்கள். "எங்களுக்குப் பின் யார்?" என்று நாடு முழுவதும் கேட்டார்கள். அதன் விளைவு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் அது பொருந்தும். இந்த இயக்கத்தில் சென்னைக்கும் பங்குண்டு. கோட்டூர்புரத்தில் 'வித்யாசாகர்' என்று இன்று அழைக்கப்படும் நிறுவனத்தை 1985இல் தொடங்கிய பூனம் நடராஜன் அம்மையார், பின்னாளில் அந்த அறக்கட்டளைக்கே தலைவராக இருந்தார்.

இந்தச் சட்டத்தில் மெச்சத்தக்க அம்சம் ஒன்று உண்டு. கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, வக்கீல் பிடிக்க வேண்டியதில்லை. மாவட்டத்துக்கு ஒரு குழு. கலெக்டர் ஒருவர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், ஊனமுற்றவர் ஒருவர், ஆக மூன்று பேர். பெற்றோரோ உறவினரோ மனுக் கொடுக்கலாம். பாதுகாவலர் தேவைதானா, எந்தக் காரியத்துக்குத் தேவை என்று இரண்டையும் குழு பார்க்க வேண்டும். பிறகு சான்று. அந்தச் சான்றை ஏற்றுக் கணக்குத் திறக்கலாம் என்று ரிசர்வ் பாங்கி 2007இலேயே பாங்கிகளுக்கு எழுதிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் குழு கூட வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கலெக்டரின் தயவு அல்ல.

சரி, குழு எங்கே கூடுகிறது? அங்கேதான் தாம்பரத்துக்காரருக்கு வினை.

2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் காஞ்சிபுரம் வரை ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு நன்மைதான், மறுக்கவில்லை. 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், பெருங்களத்தூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் முதலிய பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டு கொண்ட மாநகராட்சியாயின. வரி மாநகராட்சி வரி. வீட்டு வாடகை மாநகரத்து வாடகை. ஆனால் கலெக்டர் கச்சேரி மட்டும் 30 கிலோமீட்டர் தள்ளிச் செங்கல்பட்டில்! ஆலந்தூரில் குடியிருப்பவர் சென்னை கலெக்டரிடம் போகலாம். அடுத்திருக்கும் பல்லாவரத்துக்காரர் செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். கோடு எங்கே கிழிப்பது என்பது சர்க்காரின் வேலை. கோட்டுக்கு இப்பால் இருப்பவருக்கு வசதி செய்து தருவதும் அவர்கள் வேலைதானே?

சானடோரியத்துக்குப் பக்கத்தில் ஏற்றுமதி வளாகத்தில் வேலை செய்யும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். மகளுக்கு இருபத்திரண்டு வயது. கூட்டத்தைக் கண்டால் மிரண்டு காதைப் பொத்திக்கொண்டு அலறும் பெண். அவளை மின்சார ரயிலில் ஏற்றி, இறக்கி, மறுபடியும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் கூலி போயிற்று. "இந்தக் காகிதம் குறைகிறது" என்றால் இன்னொரு நாள் கூலி. அடையாள அட்டைக்கு ஒரு தடவை, டாக்டர் சான்றுக்கு ஒரு தடவை, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு தடவை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை மாநில சர்க்கார் தருகிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். அலைச்சலில் அதில் எவ்வளவு ரயிலுக்கும் ஆட்டோவுக்கும் போகிறது என்று எந்தப் பட்ஜெட்டிலும் எழுதுவதில்லை.

நாம் கேட்பது வானத்து நட்சத்திரமல்ல. வருடத்துக்கு நான்கு முறை கூடும் குழு, இரண்டு முறையாவது தாம்பரத்தில் கூடட்டும். மாநகராட்சிக் கட்டடத்தில் இடமில்லையா? மூன்று பேர் உட்கார ஒரு மேஜை போதும். கூடும் தேதியை முன்கூட்டியே பலகையில் எழுதிப் போடட்டும். நடக்க முடியாத பிள்ளையிருக்கும் வீட்டுக்கு அதிகாரி போய்ப் பார்த்து எழுதி வரட்டும். முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுடையோருக்கான மத்திய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. அங்கே நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிவந்து ஒரே நாளில் சான்றும் மனுவும் முடிகிற முகாம் நடத்தட்டும். இந்தத் தாம்பரம், காசநோய் என்றால் ஊரே கதவைச் சாத்திய காலத்தில், 1928இல் மருத்துவர் சௌரிமுத்து திறந்த ஆஸ்பத்திரிக்கு இடம் கொடுத்த ஊர். இதற்கு இடம் கொடுக்காதா?

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் பக்கத்துத் தோழர்களுக்கே கசப்பாக இருக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாதுகாவலர் என்றால் சொந்தக்காரர் என்று பொருள் அன்று.

தென்புறநகரில் நிலத்தின் விலை என்ன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் புறம்போக்கு ஓரத்தில் வாங்கிப் போட்ட அரை கிரவுண்டு இன்று இலட்சங்கள் பேசுகிறது. தகப்பன் போனதும் வாரிசுச் சான்றில் ஒரு பெயர் மட்டும் எப்படியோ விட்டுப்போகிறது. அல்லது ஒன்றுமறியாத தம்பியின் பெருவிரலைப் பிடித்து விடுதலைப் பத்திரத்தில் ஒற்றிவிடுகிறார்கள். பிறகு அவனுக்குத் திண்ணை. இதைச் செய்கிறவர் பரதேசி அல்லர். கூடப் பிறந்த அண்ணன்தான், தாய்மாமன்தான். இவர்களில் யாராவது பாதுகாவலர் சான்றைக் கையில் வாங்கிக்கொண்டால்? அதற்கும் சட்டத்தில் கடிவாளம் இருக்கிறது. நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் அந்தப் பிள்ளைக்குள்ள அசையாச் சொத்துக்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும், நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள், வரவு செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். அவனைக் கொடுமைப்படுத்தினாலோ கவனியாது விட்டாலோ, சொத்தைச் சுருட்டினாலோ, உறவினரோ பதிவு பெற்ற நிறுவனமோ மனுச் செய்து பாதுகாவலரை நீக்கலாம். கணக்குக் கேட்கிறவர் இருந்தால்தான் கணக்கு வரும். சங்கத்தின் உண்டியல் கணக்கைப் பைசா பைசாவாய்க் கேட்கிற நாம், இதையும் கேட்கப் பழக வேண்டும்.

பணம் மட்டுமல்ல விஷயம். 2009இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. சண்டிகாரில் சர்க்கார் விடுதியிலே இருந்த, சற்றே அறிவு வளர்ச்சி குறைந்த அனாதைப் பெண் ஒருத்தி, அங்கேயே பலாத்காரத்துக்கு ஆளாகிக் கருவுற்றாள். கருவைக் கலைத்துவிடலாம் என்று நிர்வாகம் சொன்னது, ஐக்கோர்ட்டும் ஒப்பியது. அந்தப் பெண்ணோ, குழந்தை வேண்டும் என்றாள். காக்க வேண்டிய இடத்திலே காக்கத் தவறியவர்கள், அவளுக்காகத் தீர்மானிக்க மட்டும் முன்வந்தார்கள்! சுப்ரீம் கோர்ட், அவள் சம்மதமில்லாமல் கலைக்கக்கூடாது என்றது. அறிவு சற்றுக் குறைந்ததால் மனுஷி என்பது குறைந்துவிடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

உலகமும் அந்தப் பக்கமாகத்தான் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனி 1992இலேயே பழைய காப்பாளர் முறையைத் தூக்கி எறிந்து, தேவைப்பட்ட காரியத்துக்கு மட்டும் துணை என்று மாற்றிக்கொண்டது. அமெரிக்காவில் பிரிட்னி ஸ்பியர்ஸ் என்ற பாடகி. மேடை ஏறினால் கோடிகள் கொட்டும். அவருக்குப் புத்தி சரியில்லை என்று 2008இல் கோர்ட்டில் சொல்லி, தகப்பனார் காப்பாளர் ஆனார். மகள் பாடிச் சம்பாதித்தார். செலவுக்கோ மற்றவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 13 ஆண்டுகள் கழித்து 2021இல்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. கோடீசுவரிக்கே இந்தக் கதி என்றால் குரோம்பேட்டைக் குடிசைப் பெண் எம்மாத்திரம்?

நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவல்' என்கிறது. இன்ன காரியத்துக்கு, இவ்வளவு காலத்துக்கு, அவரையும் கலந்துகொண்டு, அவர் விருப்பப்படி என்று அது கட்டுப்பாடு விதிக்கிறது. வேறு சட்டங்களின்படி நியமனமானவர்களும் இனி அப்படித்தான் நடக்க வேண்டும் என்கிறது. ஒரு மகனுக்கு எந்தச் சட்டை வேண்டும் என்று தெரியும். எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம் என்று தெரியாது. சட்டையை அவன் எடுக்கட்டும். பத்திரத்துக்குத் துணை நிற்போம். இதுதான் அதன் தாத்பரியம். ஆனால் 1999 சட்டமும் 2016 சட்டமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. ஒன்று கலெக்டர் குழு என்கிறது. மற்றொன்று ஜில்லாக் கோர்ட் அல்லது மாநில சர்க்கார் குறிப்பிடும் அதிகாரி என்கிறது. படித்த வக்கீல்களே தடுமாறுகிறார்கள். சட்டம் போடுகிறவர்கள் பழைய சட்டத்தைத் திருத்தாமல் புதுச் சட்டத்தை மேலே போர்த்துவது ஒரு பழக்கமாகிவிட்டது.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. பிறவியில் நன்றாக இருந்து, பிறகு விழுந்தவர் கதை என்ன? ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மோதித் தலையில் அடிபட்டு மாதக்கணக்காய் நினைவில்லாமல் கிடப்பவர். பக்கவாதத்தில் மூளை கலங்கியவர். முதுமையில் மறதி முற்றி, மனைவியையே யார் என்று கேட்பவர். 1999ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்காக எழுதப்பட்டதன்று. மனநோயாளியின் சொத்துக்கு மானேஜர் போடும் வழி 1987 சட்டத்தில் இருந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் சிகிச்சைக்குப் பிரதிநிதி உண்டு, சொத்துக்கு வழி இல்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டும். பணமோ அவர் பெயரில் பாங்கியில் முடங்கிக் கிடக்கிறது!

2024 மே மாதம் சென்னை ஐக்கோர்ட்டில் இப்படி ஒரு மனைவி வந்து நின்றார். கணவர் நினைவிழந்து கிடக்கிறார்; சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் அவருடைய சொத்தை விற்க வேண்டும். சிவில் கோர்ட்டுக்குப் போ என்றது முதல் உத்தரவு. அப்பீலில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி இருவரும், நினைவிழந்தவரைப் பராமரிப்பது எளிதல்ல, இந்தப் பெண்ணை அங்குமிங்கும் அலைக்கழிப்பது முறையல்ல என்று கண்டு, மனைவியையே பாதுகாவலராக நியமித்தார்கள். விற்கும் பணத்தில் 50 இலட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும் என்று காவலும் வைத்தார்கள். கேரள ஐக்கோர்ட் 2019இலேயே இப்படிப்பட்ட வழக்குகளுக்கென்று வழிமுறைகள் வகுத்தது. இந்த நீதிபதிகளை நாம் பாராட்டுகிறோம். ஆனால் ஒவ்வொரு மனைவியும் ஐக்கோர்ட் படி ஏற வேண்டும் என்றால், ஏற முடியாதவர்கள்? சட்டம் இல்லாத இடத்தை நீதிபதிகள் இரக்கத்தால் நிரப்புகிறார்கள். சட்டம் செய்யச் சம்பளம் வாங்குகிறவர்கள் டில்லியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கலெக்டர் குழுவின் அதிகாரத்தை இவர்களுக்கும் விரித்து ஒரு திருத்தம் கொண்டுவர எத்தனை நாள் ஆகும்?

ஏர்வாடியை மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6. கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் வெந்து செத்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். வேறு வழி தெரியாதவர்கள் அவர்களிலே எத்தனை பேரோ!

இனி வேலை. தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டிலும் நமக்குத் தோழர்கள் இருக்கிறார்கள். வாக்காளர் பட்டியலைத் தலைகீழாய்ச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, எந்த வீட்டில் இப்படிப்பட்ட பிள்ளை இருக்கிறது என்பது தெரியாதா? அந்த வீட்டுக்குப் போங்கள். அனுதாபம் சொல்லப் போகவேண்டாம். மூன்று கேள்வி கேட்கப் போங்கள். அடையாள அட்டை இருக்கிறதா? பதினெட்டு ஆகிவிட்டதென்றால் பாதுகாவலர் மனுப் போட்டாயிற்றா? பென்ஷன் அலுவலகத்தில் பிள்ளையின் பெயரும், பின்னால் வாங்கித் தரப்போகிறவரின் பெயரும் பதிவாகியிருக்கின்றனவா? மனுவை எழுதத் தெரியாதென்றால் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். செங்கல்பட்டுக்குப் போகத் துணை வேண்டுமென்றால் ஒரு தோழர் போகட்டும். சங்கம் அவருக்கு அன்றையக் கூலி கொடுக்கட்டும். வயதான தகப்பனார் பெயரில் சான்று வாங்கியிருந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். அவர் காலத்துக்குப் பின் அடுத்தவர் புதிதாக மனுச் செய்ய வேண்டியிருக்கும். அது தமக்கையா, அத்தையா, நம்பிக்கையான நிறுவனமா என்று அவர் இருக்கும்போதே பேசி வையுங்கள். அந்தப் பேச்சில் அந்தப் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். யாரிடம் போக அவன் கை நீளுகிறது என்பதையும் பாருங்கள்.

வார்டு வாரியாகப் பெயர்கள் சேர்ந்ததும் பட்டியல் கலெக்டருக்குப் போகும். குழு தாம்பரத்தில் கூடும் தேதி என்ன என்று அதே கடிதத்தில் கேட்போம்; பதில் வந்தால் இந்த இடத்திலேயே வெளியிடுகிறோம். வராவிட்டால், வரவில்லை என்பதையும் வெளியிடுகிறோம்.